ஸ்டெப்னி காற்றில் கண்ணாடி கழுவிய கார் தெரியுமா?

மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் கதவுகள் பக்கவாட்டில் திறக்காது. கூரையில் கீல் வைத்து, கடற்பறவை சிறகைத் தூக்குவது போல மேலே எழும்பும். 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் வந்து நின்ற நாளிலிருந்து இன்றுவரை அதைப் பார்த்து வாய் பிளக்காத கார் பிரியர் கிடையாது. அந்தக் கதவை அழகுக்காக யாரும் வைக்கவில்லை என்பது தெரியுமா? வேறு எங்கேயும் கதவு வைக்க இடமே இல்லாததால் வைத்த கதவு அது!

நடந்தது இதுதான். போரில் நொறுங்கிய ஜெர்மனி எழுந்து நிற்கும் காலம். பந்தயத்தில் மறுபடி இறங்க பென்ஸ் கம்பெனிக்கு ஆசை. ஆனால் பந்தயத்துக்கென்றே புது எஞ்சின் செய்ய வசதியில்லை. தங்கள் பெரிய சலூன் காரில் இருந்த 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினையே எடுத்துக்கொண்டார்கள். அதுவோ நல்ல கனம். அப்படியானால் எடையை வேறு இடத்தில் குறைத்தாக வேண்டும். ருடால்ஃப் உலன்ஹாட் என்ற பொறியாளர் மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூடு கட்டினார். முக்கோணத்தில் எந்தக் குழாயும் வளைய வேண்டியதில்லை. ஒன்று இழுபடும், இல்லாவிட்டால் அழுந்தும், அவ்வளவுதான். அதனால் மெலிந்த குழாயும் தாங்கும். மொத்தக் கூடும் ஏறக்குறைய 50 கிலோ! இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்தக் கூடு விறைப்பாக நிற்க, பக்கவாட்டிலும் குழாய்கள் உயரமாக எழும்ப வேண்டியிருந்தது. கதவு வரவேண்டிய இடத்தில் குழாய் நிற்கிறது. குழாயை வெட்டினால் கூடு தளர்ந்துவிடும். சரி, கதவைக் கூரைக்குத் தூக்கு என்றார்கள். அதன் பிறகும் உயரமான அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே காலை விடுவது கஷ்டம் என்பதால், ஸ்டீயரிங் வீலையும் மடங்கும்படி செய்துவிட்டார்கள்.

இதே வண்டியின் பந்தய அண்ணன் 1952 நவம்பரில் மெக்சிகோவில் ஓடியது. கர்ரேரா பனமெரிக்கானா என்ற அந்தப் பந்தயம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கார்ல் கிளிங் ஓட்ட, ஹான்ஸ் கிளென்க் பக்கத்தில். வண்டி 200 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பறக்கும்போது ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. கிளென்க் முகமெல்லாம் ரத்தம். நிறுத்தாதே, ஓட்டு என்றார் அவர்! அப்படியே போய்த்தான் முதல் பரிசையும் வாங்கினார்கள். அந்தக் காரின் பிற்காலப் படங்களில் முன்கண்ணாடிக்கு முன்னால் செங்குத்தாகக் கம்பிகள் இருக்கும். அவை அலங்காரம் அல்ல, அடுத்த கழுகுக்காக.

பழைய கார்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பார்த்ததும் விசித்திரமாகவோ அழகாகவோ தோன்றும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு இக்கட்டு இருக்கிறது. பணமில்லை, இடமில்லை, நேரமில்லை, மழை பெய்கிறது, மேடு ஏறவில்லை. வழி அடைபட்ட இடத்தில்தான் அந்த மனிதர்களின் மூளை மின்னியிருக்கிறது.

முதல் நெடும்பயணத்திலேயே தொடங்கியது இது. 1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, ஆனால் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு பெர்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய்வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினார். 100 கிலோமீட்டருக்கு மேல்! உலகில் அதற்குமுன் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது தன் காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில் துணிக்கறை நீக்க விற்கும் லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக்கடையைத்தான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து வழுக்கியபோது, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அந்தக் கட்டையின் மேல் தோல் அடிக்கச் சொன்னார். இன்று உங்கள் மெக்கானிக் மாற்றும் பிரேக் லைனிங்கின் ஆதி அதுதான். மேட்டில் மகன்கள் தள்ள வேண்டியிருந்ததைப் பெர்தா வந்து சொன்னதும், மலை ஏற இன்னொரு கியர் வைத்தார் கணவர். காரை முதலில் செய்தது கார்ல் என்றால், அதை முதலில் சோதித்துத் தேற வைத்தது பெர்தாதான் என்பேன்.

மேடு என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி கார்கள் செங்குத்தான மலைப்பாதையைப் பின்னோக்கி ஏறும், தெரியுமா? ரிவர்ஸ் கியரில்! 1908இல் வந்த அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் முன்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாகச் சரிந்துதான் எஞ்சினுக்குப் போக வேண்டும். மேட்டில் முகம் தூக்கினால் எஞ்சின் உயரத்தில், டேங்க் பள்ளத்தில். டேங்கில் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் எஞ்சின் மூச்சுவிட்டு நின்றுவிடும். வண்டியைத் திருப்பிப் பின்புறமாக ஏற்றினால் டேங்க் மேலே வந்துவிடும்; போதாததற்கு ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம். இன்றைய டிரைவர் யாரையாவது அந்த வண்டியில் உட்கார வைத்தால் திண்டாடிப்போவார். மூன்று பெடல் உண்டு, ஆனால் ஆக்சிலரேட்டர் காலில் இல்லை; ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் தள்ளும் சிறு நெம்பு. இடது பெடலை மிதித்தால் முதல் கியர், விட்டால் டாப் கியர். நடு பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். இப்படிப்பட்ட வண்டியை 1927க்குள் ஒன்றரைக் கோடி செய்து தள்ளினார்கள்! ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் நகரும் வரிசை வந்த பிறகு, ஒரு சேசிஸ் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிடமாகச் சுருங்கியது.

இப்போது பிரான்சுக்கு வாருங்கள். சிட்ரோயன் கம்பெனிக்காக நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பெனி செய்ததை எல்லாம் பார்த்தால் பிரமிப்பு அடங்காது.

1930களில் அதன் தலைவர் பியர் பூலாஞ்சே தன் பொறியாளர்களிடம் கேட்டது இது: இரண்டு விவசாயிகள் உட்கார வேண்டும், கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு, 60 கிலோமீட்டர் வேகம், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல். அதோடு, உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது! அப்படி உருவானதுதான் 2சிவி. போர் வந்தது. மாதிரி வண்டிகள் ஜெர்மன்காரர்கள் கையில் சிக்காமல் இருக்க ஒளித்து வைக்கப்பட்டன. அவற்றில் மூன்று 1990களில்தான் ஒரு கொட்டகையின் பரணிலிருந்து வெளியே வந்தன! 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வண்டியைக் காட்டினார்கள். 375 சிசி எஞ்சின், வெறும் 9 குதிரைசக்தி. ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் நடுவில் ஒரே ஸ்பிரிங் உருளையோடு இணைந்திருக்கும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தச் செய்தி பின்சக்கரத்துக்கும் போய்விடும். வண்டி முகம் குத்தாது. முட்டையும் உடையாது.

எனக்கு 2சிவியில் ரொம்பப் பிடித்தது அதன் வைப்பர். ஆரம்பகால வண்டிகளில் வைப்பருக்கு மோட்டார் இல்லை. ஸ்பீடோமீட்டருக்குப் போகும் கேபிளிலேயே அதையும் கோத்துவிட்டார்கள். வேகமாகப் போனால் வைப்பர் வேகமாக ஆடும், மெதுவாகப் போனால் மெதுவாக ஆடும். வண்டி நின்றால் வைப்பரும் நிற்கும். அப்போது உள்ளே இருக்கும் குமிழைக் கையால் திருகித் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மோட்டாரின் விலை மிச்சம், எடையும் மிச்சம்! இந்த வண்டி 1990 ஜூலை வரை உற்பத்தியில் இருந்தது.

அதே கம்பெனி, அதே ஆட்கள், ஏழு வருடம் கழித்துச் செய்ததுதான் டிஎஸ். 1955 அக்டோபர் 5, பாரிஸ். திரையை விலக்கிய முதல் கால் மணி நேரத்தில் 743 பேர் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். மாலை ஆகும்போது 12,000! மற்ற கம்பெனிகள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கார் விற்றுக்கொண்டிருந்தபோது, முன்பக்கம் கிரில்லே இல்லாமல், மூக்கு தாழ்ந்து, பின்சக்கரம் பாதி மறைந்து, அது வேறு உலகத்திலிருந்து வந்து இறங்கியதாகவே மக்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உருவம் கொடுத்தவர் ஃபிளாமினியோ பெர்தோனி. தொழில்முறைச் சிற்பி! பொறியியல் தலைமை ஆந்திரே லெஃபெவ்ர், விமானப் பொறியாளர். சஸ்பென்ஷனைக் கண்டுபிடித்த பால் மாஜெஸ் பட்டம் எதுவும் பெறாதவர், 17 வயதில் கம்பெனியில் சேர்ந்து தானே படித்து மேலே வந்தவர்.

அந்த சஸ்பென்ஷனைக் கிட்டே போய்ப் பார்ப்போம். டிஎஸ் காரில் கமான் பட்டையும் கிடையாது, காயில் ஸ்பிரிங்கும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் இரும்புக் கோளம். உள்ளே நடுவில் ஒரு ரப்பர்த் திரை. திரைக்கு மேலே நைட்ரஜன் வாயு, கீழே எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறினால் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் திரையைத் தள்ளும், வாயு அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வாயுதான் ஸ்பிரிங். அதோடு நிற்கவில்லை மாஜெஸ். பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் மூட்டை வைத்தால் வண்டி தாழும் அல்லவா? உடனே ஒரு வால்வு திறந்து இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளே விடும். வண்டி பழைய உயரத்துக்கே எழுந்து நிற்கும். எத்தனை பாரம் ஏற்றினாலும் அதே உயரம்!

இரவெல்லாம் நின்ற டிஎஸ் காலையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். எஞ்சினைக் கிளப்பினால் முதலில் பின்பக்கம் மெல்ல எழும், பிறகு முன்பக்கம் எழும். பிறகுதான் கிளம்பலாம். பஞ்சர் ஆனால் ஜாக்கி சுற்ற வேண்டியதில்லை. டிரைவர் பக்கம் இருக்கும் நெம்பைத் தள்ளினால் வண்டி முழு உயரத்துக்கு எழும்பும். பக்கவாட்டில் ஒரு முட்டுக்கம்பியைச் செருகி, நெம்பை எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். வண்டி கீழே இறங்கப் பார்க்கும், ஆனால் முட்டுக்கம்பி விடாது. அதனால் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பிவிடும்! பின்சக்கரத்தைக் கழற்ற மட்டும் முதலில் பின் மட்கார்டைக் கழற்ற வேண்டும். அதற்கும் ஒரே ஒரு போல்ட்தான். பிரேக் பெடலுக்குப் பதில் தரையில் காளான் போல ஒரு ரப்பர்க் குமிழ். மிதிக்கத் தேவையில்லை, அழுத்தினால் போதும். ஸ்டீயரிங் வீலுக்கு ஒரே ஆரம். கூரை ஃபைபர் கிளாஸ், மேல் எடையைக் குறைப்பதற்காக. 1967 முதல் உள்பக்க ஹெட்லைட்டுகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பி, வளைவுக்குள் முன்கூட்டியே வெளிச்சம் பாய்ச்சின. அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிக்காததால் அந்த நாட்டுக்குப் போன வண்டிகளுக்கு மட்டும் சாதா விளக்கு. ரோல்ஸ் ராய்ஸ் 1965இல் தன் சில்வர் ஷேடோ காருக்கு, தானே மட்டமாகும் இந்த சஸ்பென்ஷன் நுட்பத்தை சிட்ரோயனிடம்தான் உரிமம் பெற்று வாங்கியது.

இத்தனை புதுமைக்கு நடுவில் எஞ்சின் மட்டும் பழசு. முந்தைய டிராக்ஷன் அவான் காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கொஞ்சம் செம்மைப்படுத்தி வைத்தார்கள். நினைத்திருந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் கைகூடவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் புறநகரான பெத்தி கிளமாரில் அதிபர் சார்ல் தெ கோல் இந்தக் காரில் போய்க்கொண்டிருந்தார். பதுங்கியிருந்தவர்கள் தானியங்கித் துப்பாக்கிகளால் சுட்டார்கள். கண்ணாடி உடைந்தது, டயர்கள் வெடித்தன. டயர் போன பிறகும் வண்டி கட்டுப்பாட்டில் நின்றது. டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டித் தப்பினார். அதிபருக்கும் மனைவிக்கும் காயமில்லை.

இந்தப் பிரெஞ்சு அழகியும் இங்கிலாந்தின் குட்டிக் கார் மினியும் ஒருமுறை மோதிக்கொண்ட கதை தெரியுமா? 1966 மான்டே கார்லோ ராலி. அதற்குமுன் 1964இல் பேடி ஹாப்கர்க் மினியில் வந்து, 4.7 லிட்டர் வி8 எஞ்சின் வைத்த ஃபோர்டு ஃபால்கனைத் தோற்கடித்திருந்தார். 1965இல் டிமோ மாக்கினன், மறுபடி மினி. 1966இல் முதல் மூன்று இடமும் மினிக்கே! ஆனால் முடிவு அறிவித்தபோது மூன்றையும் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். காரணம், ஹெட்லைட்! பல்பில் ஒற்றை இழைதான் இருக்கிறது, டிம் செய்யும் முறை விதிப்படி இல்லை என்றார்கள். நான்காவதாக வந்த ஃபோர்டுக்கும் அதே கதி. கோப்பை சிட்ரோயன் ஓட்டிய பின்லாந்துக்காரர் பவ்லி டொய்வனனுக்குப் போனது. அப்படிக் கிடைத்த வெற்றியில் அவருக்கே மகிழ்ச்சியில்லை. டிஎஸ் மேல் எனக்கு எத்தனை ஆசை இருந்தாலும், அந்தக் கோப்பை மினியுடையதுதான். அடுத்த ஆண்டே ரவுனோ ஆல்டனன் மினியில் வந்து அதை மீட்டுக்கொண்டு போனார்.

அந்த மினி பிறந்ததும் ஒரு நெருக்கடியில்தான். 1956இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. ஜெர்மனியின் முட்டை வடிவ மூன்று சக்கர வண்டிகள் லண்டன் தெருக்களில் முளைத்தன. அதைப் பொறுக்காத பிஎம்சி கம்பெனித் தலைவர் லெனர்ட் லார்ட், அலெக் இசிகோனிசைக் கூப்பிட்டு ஒழுங்கான ஒரு சின்னக் கார் கேட்டார். ஒரே நிபந்தனை, எஞ்சின் ஏற்கெனவே கம்பெனி செய்துகொண்டிருப்பதாக இருக்க வேண்டும். இசிகோனிஸ் துருக்கியின் ஸ்மர்னாவில் பிறந்து, 1922இல் போரில் அந்த ஊர் எரிந்தபோது அகதியாக வெளியேறியவர். கணிதத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர்!

பத்தடி நீளக் காரில் நான்கு பேரும் சாமானும் போக வேண்டும். இருக்கிற எஞ்சினோ நீளமானது. இசிகோனிஸ் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். சரி, கியர்பாக்ஸ் எங்கே? எஞ்சினின் பக்கத்தில் வைத்தால் அகலம் போதாது. அதனால் எஞ்சினுக்கு அடியில், ஆயில் நிற்கும் தொட்டிக்குள்ளேயே கியர்களை இறக்கிவிட்டார்! எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். சக்கரம் வெறும் 10 அங்குலம். அதற்கு டயரே கிடையாது, டன்லப் புதிதாகச் செய்து கொடுத்தது. ஸ்பிரிங்குக்கு இடமில்லை, அலெக்ஸ் மோல்டன் ரப்பர்க் கூம்புகளை வைத்துக் கொடுத்தார். கதவுக் கண்ணாடியை இறக்காமல் பக்கவாட்டில் நகர்த்தும்படி வைத்ததால், கதவுக்குள் இயந்திரம் எதுவும் வேண்டாம்; அந்த இடம் முழுக்கப் பெரிய பை ஆகிவிட்டது. 1959 ஆகஸ்ட் 26 அன்று வெளியான இந்தக் காரின் நீளத்தில் எண்பது சதவீதம் மனிதர்களுக்கும் சாமானுக்கும். இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எஞ்சின் குறுக்காகத்தான் படுத்திருக்கிறது, இழுப்பது முன்சக்கரம்தான்.

ஒரு தொல்லையும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்குப் பின்னாலேயே, மழைக்கு முகம் காட்டி நின்றது. நனைந்தால் வண்டி நின்றுவிடும். சொந்தக்காரர்கள் ரப்பர்க் கையுறையை அதன்மேல் மாட்டி, விரல்கள் வழியாக ஒயரை இழுத்துவிட்டு ஓட்டினார்கள்.

சிக்கனத்தின் சிகரமான அந்த மினியின் ரத்தம், ஆடம்பரத்தின் சிகரமான லம்போர்கினி மியூராவில் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா? உண்மை! ஜான் பாவ்லோ டல்லாரா என்ற இளம் பொறியாளர், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை வைக்கப் பார்த்தார். நீளவாக்கில் வைத்தால் கார் ரயில் நீளம் போய்விடும். மினியைப் பார்த்தார். நான்கு லிட்டரை ஒட்டிய அந்த ராட்சச எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸையும் அதோடு ஒரே வார்ப்பில் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே ஆயிலை விட்டார். 1965இல் டூரின் கண்காட்சியில் பாடியே இல்லாமல் வெறும் சேசிஸை வைத்தார்கள், அதற்கே கூட்டம் அம்மியது. பாடி வரைந்தவர் மார்செல்லோ கண்டீனி. 1966 மார்ச்சில் ஜெனீவாவில் கார் முழுசாக வந்து நின்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்படி ஒரு வம்சாவளியைக் கதையில் எழுதினால்கூட நம்ப மாட்டார்கள்.

போருக்குப் பிந்தைய கார்களுக்கு வானத்திலிருந்து வந்த உதவியையும் சொல்லியாக வேண்டும். ஜாகுவார் ஈ டைப்பின் அந்த நீண்ட மூக்கை வரைந்த மால்கம் சேயர், பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் இருந்தவர். வளைவுகளைக் கண் போன போக்கில் வரையவில்லை. ஸ்லைடு ரூலும் லாக் அட்டவணையும் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டு வரைந்தார். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அந்தக் கார் வெளியானதும் ஓட்டிப் பார்க்க அலைமோதிய கூட்டத்துக்கு ஒரு வண்டி போதவில்லை. இன்னொன்றைக் கொண்டு வா என்று இங்கிலாந்துக்குப் போன் பறந்தது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கவென்ட்ரியிலிருந்து கிளம்பி, கடலைக் கடந்து, விடிய விடிய ஓட்டி மறுநாள் காலை ஜெனீவாவில் கொண்டுவந்து நிறுத்தினார்! அதற்கு முன்பே, 1953இல், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றது டிஸ்க் பிரேக்கால். அதுவும் விமானத்திலிருந்து வந்த நுட்பம்தான். 300 எஸ்எல்லின் பெட்ரோல் இன்ஜெக்ஷனும் அப்படியே. சாவியை அணைத்தாலும் எஞ்சின் சுற்றி ஓயும்வரை அந்தப் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும், அது சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஆயிலைக் கழுவிவிடும் என்பதால் அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டியிருந்தது வேறு கதை.

இவர்களில் நில்ஸ் போலினை மட்டும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சுவீடனில் சாப் கம்பெனியில் போர் விமானங்களுக்கு, ஆபத்தில் விமானியைத் தூக்கி வெளியே எறியும் இருக்கை செய்துகொண்டிருந்தவர். 1958இல் வால்வோவுக்கு வந்தார். அதுவரை இருந்த பெல்ட்டுகளில் சில வயிற்றின் மேல் பக்கிள் வைத்தவை. மோதலில் அந்தப் பக்கிளே குடலைக் கிழிக்கும். போலின், மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டு பட்டையும் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியில் சேரும்படி செய்தார். ஒரே கையால் மாட்டிவிடலாம். 1959 ஆகஸ்டில் முதல் வண்டி விற்பனைக்குப் போனது. வால்வோ அந்தக் காப்புரிமையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது. இன்று நீங்கள் தோளின் குறுக்கே இழுத்து மாட்டும் பெல்ட் அதுவேதான்.

இனி, தலைப்பில் சொன்ன வண்டி. ஃபோக்ஸ்வேகன் பீட்டில்! எஞ்சின் பின்னால் இருக்கும், ஸ்டெப்னி முன் பானெட்டுக்குள் இருக்கும். 1960களில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வசதி வேண்டும் என்றபோது, பம்ப் மோட்டார் எதற்கு, பக்கத்திலேயே காற்று அடைத்த டயர் சும்மா கிடக்கிறதே என்று யோசித்தார்கள். ஸ்டெப்னியிலிருந்து தண்ணீர்க் குப்பிக்கு ஒரு டியூப். டயர்க் காற்று தண்ணீரைத் தள்ளும்! காற்று ஓரளவுக்குக் கீழே இறங்கினால் வால்வு தானாக மூடிக்கொள்ளும், அதனால் பஞ்சர் ஆன நேரத்தில் ஸ்டெப்னி கைவிடாது. ஆரம்பகாலப் பீட்டிலில் பெட்ரோல் அளவு காட்டும் முள்கூட இல்லை. எஞ்சின் திக்கினால் தரையில் இருக்கும் நெம்பைக் காலால் திருப்பி ரிசர்வுக்குப் போக வேண்டும், நம் பைக்கில் செய்தது போலவே. குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த இந்த ஆலையை 1945இல் மறுபடி ஓட வைத்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர். தன் ராணுவத்துக்கே 20,000 கார் ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கார் 1972 பிப்ரவரியில் மாடல் டியின் ஒன்றரைக் கோடி சாதனையைத் தாண்டியது. கடைசிப் பீட்டில் 2003இல் மெக்சிகோவில் இறங்கியபோது கணக்கு இரண்டு கோடியே பதினைந்து லட்சத்தையும் கடந்திருந்தது.

சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1960களில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்கள் தாத்தா, பெரியப்பா வீட்டில் இருந்திருக்கலாம். அதன் உருவத்தை வரைந்தவர் டூரினைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோட்டி, தெரியுமா? ஃபெராரிக்கும் மசராட்டிக்கும் வரைந்த அதே கை! இங்கிலாந்தில் இந்தக் கார் உருவாவதற்கு முன்பே, அதைச் செய்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு வழக்கமாகப் பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி விலைக்கு வாங்கியிருந்தது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. அதனால் காரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் செய்து, தனி சேசிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். மற்றவர்கள் சேசிஸே இல்லாத பாடிக்கு மாறிக்கொண்டிருந்த 1959இல் இது பழைய முறைதான். ஆனால் அதே முறைதான் ஹெரால்டை நம் ஊருக்கு ஏற்றதாக ஆக்கியது. ஒரு மூலை அடிபட்டால் அந்தத் துண்டைக் கழற்றி மாட்டிவிடலாம். திரும்பும் வட்டம் வெறும் 25 அடி, எவ்வளவு குறுகலான சந்திலும் மடங்கிவிடும். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டிய இரண்டு கதவு வண்டி நம் குடும்பங்களுக்குத் தோதுப்படவில்லை. அதனால் வண்டலூரிலேயே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். அது இங்கிலாந்திலேயே கிடையாது! பிறகு கெசல் என்ற பெயரில் பின்ஆக்சிலையும் நம் சாலைக்கேற்ற உறுதியான வகைக்கு மாற்றினார்கள்.

பழைய கார் ஊர்வலத்தில் ஹெரால்டு ஒன்று நின்றால் விட்டுவிடாதீர்கள். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்த அந்த மொத்த முகமும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீயரிங் ராடு, சஸ்பென்ஷன் எல்லாம் திறந்து நிற்கும். அதில் வேலை செய்த மெக்கானிக்குகள் குனியவே மாட்டார்கள். முன்டயர் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு ஸ்பேனரைப் பிடிப்பார்கள்.